டேட்டாபேஸுக்குள் பைத்தான்: பழகிய மொழி, பழகாத இடம்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே பைத்தானில் ஃபங்ஷன் எழுதலாம் என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஒரு கட்சி, "அட, இனிமே எல்லாத்தையும் இதிலேயே எழுதிடலாமே" என்கிறது. இன்னொரு கட்சி, "டேட்டாபேஸ்ல லாஜிக்கே வைக்கக் கூடாது" என்று பேச்சை முடித்துவிடுகிறது. கருவியை உட்கார்ந்து படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் குறைவு. அந்த வேலையை இங்கே செய்து பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. போஸ்ட்கிரெஸுடன் சேர்ந்தே வருகிற செயல்முறை மொழிகள் நான்கு: பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல், பிஎல்/டிக்கிள், பிஎல்/பெர்ல், பிஎல்/பைத்தான். முதலாவது டேட்டாபேஸுக்கென்றே செய்த மொழி. மற்ற மூன்றும் வெளியே பிறந்து உள்ளே குடிவந்தவை. பிஎல்/பைத்தானை எக்ஸ்டென்ஷனாகச் சேர்த்த பிறகு, ஃபங்ஷனின் உடலைப் பைத்தானில் எழுதி, அதை எஸ்க்யூஎல் வினவலுக்குள் மற்ற எந்த ஃபங்ஷனையும் போல அழைக்கலாம். ட்ரிகராகவும் வைக்கலாம். உள்ளிருந்தபடியே வினவல் ஓட்ட 'பிஎல்பை' என்ற மாட்யூல் தயாராக இருக்கும்.

இதன் கவர்ச்சி உண்மையானது. ஒரு கோடி வரிசையை நெட்வொர்க் வழியாக வெளியே இழுத்து, கணக்குப் போட்டு, பதிலைத் திருப்பி அனுப்புவதைவிட, கணக்கைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது புத்திசாலித்தனம். எஸ்க்யூஎல்லில் பத்து வளைவு வளைந்து எழுத வேண்டியதைப் பைத்தானில் நாலு வரியில் எழுதலாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. என் விமர்சனம் வேறு இடத்தில் இருக்கிறது. பிஎல்/பைத்தானை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 'தெரிந்த மொழி' என்பதற்காகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் டேட்டாபேஸுக்குள் நுழைந்ததும் அந்தத் தெரிந்த மொழியின் பல வார்த்தைகளுக்குப் பொருள் மாறிவிடுகிறது. வார்த்தை பழசு, பொருள் புதுசு. அறிமுகமே இல்லாத மொழி என்றால் ஜாக்கிரதையாக இருப்போம். தெரிந்த மொழியில் யாரும் ஜாக்கிரதையாக இருப்பதில்லை.

முதல் வார்த்தை, 'ட்ரை'. கிடங்கில் இருப்பைக் குறைத்து, கடையில் இருப்பைக் கூட்டுகிற ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அப்டேட். இரண்டையும் ஒரே ட்ரை பிளாக்குக்குள் போட்டு, எக்செப்ஷன் வந்தால் பிடித்து 'தோல்வி' என்று ஒரு செய்தியைத் திருப்பித் தருகிறோம். முதல் அப்டேட் ஓடியது. இரண்டாவது, ஏதோ ஒரு கட்டுப்பாட்டில் இடித்து விழுந்தது. இப்போது என்ன ஆகும்? கிடங்கில் குறைந்தது குறைந்ததுதான். கடையில் கூடவில்லை. பத்து மூட்டை அரிசி காற்றில் போய்விட்டது, ட்ரான்ஸாக்ஷனும் சமர்த்தாகக் கமிட் ஆகிவிடும்.

ஏன்னா, பிஎல்பை வழியாக ஓடும் ஒவ்வொரு வினவலும் தனித்தனிச் சிறு ட்ரான்ஸாக்ஷனாக ஓடுகிறது. விழுந்தது மட்டும் பின்வாங்கப்படும், அதற்கு முன்னால் ஜெயித்தது அப்படியே நிற்கும். இதே வேலையைப் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எக்செப்ஷன் பிரிவுடன் எழுதியிருந்தால், பிழையைப் பிடித்த கணமே அந்த பிளாக்கில் நடந்த எல்லா மாற்றமும் திரும்பப் போயிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நடப்பது நேர் எதிர். பைத்தானில் இதைச் சரியாகச் செய்ய 9.1 பதிப்பில் 'சப்ட்ரான்ஸாக்ஷன்' என்று ஒரு வசதி வந்தது, இரண்டு வினவலையும் அதற்குள் வைத்தால் சரியாகிவிடும். ஆவணத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பைத்தான் தெரிந்தவர் ட்ரை எப்படி வேலை செய்யும் என்று பார்க்க ஆவணத்தைத் திறப்பாரா என்ன?

இரண்டாவது, உண்மை–பொய். எஸ்க்யூஎல்லில் 'எஃப்' என்ற எழுத்தைப் பூலியனாக மாற்றினால் பொய் என்று வரும். பிஎல்/பைத்தான் ஃபங்ஷன் பூலியன் திருப்புவதாக அறிவித்துவிட்டு, அதே 'எஃப்' எழுத்தைச் சரமாகத் திருப்பினால் உண்மை என்று வரும். பைத்தான் விதிப்படி காலியில்லாத சரம் எல்லாமே உண்மைதான். ஆவணம் இதை ஒரே ஒரு அடைமொழி அளவுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. "இந்தப் பயனருக்கு அனுமதி உண்டா" என்று கேட்கிற ஃபங்ஷனில் இது நடந்தால், இல்லை என்பதற்கெல்லாம் உண்டு என்று பதில் வரும்.

மூன்றாவது, தேதி. முழு எண், தசம எண், பூலியன் போன்ற சில வகைகள் மட்டுமே பைத்தானின் சொந்த வகையாக மாறி உள்ளே வரும். தேதி, நேரம், ஜேசன் எல்லாமே வெறும் சரமாக வரும். தேதியைச் சரமாக ஒப்பிட்டாலும் சரியாகத்தான் வேலை செய்யும், வருடம்–மாதம்–நாள் என்ற வரிசை இருக்கும்வரை. ஏதாவது ஒரு செஷனில் தேதி அமைப்பை நாள்–மாதம்–வருடம் என்று யாராவது மாற்றி வைத்திருந்தால், அதே ஃபங்ஷன், அதே தரவு, வேறு பதில். பிழைச் செய்தி கூட வராது. பணத் தொகைகளுக்கு ஒரு காலத்தில் இதைவிட மோசமான நிலை. நியூமெரிக் வகை பைத்தானின் ஃப்ளோட்டாக மாறி, பைசாக்கள் நழுவ வாய்ப்பிருந்தது. 9.4 பதிப்பில் அதை டெசிமலாக மாற்றினார்கள். நல்ல திருத்தம். தேதிக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை.

நான்காவது, நினைவு. பிஎல்/பைத்தானில் எஸ்டி, ஜிடி என்று இரண்டு டிக்ஷனரிகள் தருகிறார்கள். முதலாவது அந்த ஒரு ஃபங்ஷனுக்கு, இரண்டாவது அந்த செஷனில் ஓடும் எல்லா பைத்தான் ஃபங்ஷனுக்கும் பொது. ஒருமுறை தயார் செய்த வினவல் திட்டத்தை அதில் சேமித்து வைத்தால் வேகம் கிடைக்கும். அதுக்குத்தான் வைத்தார்கள். ஆனால் இன்றைய செயலிகள் கனெக்ஷன் பூல் வழியாகத்தான் பேசுகின்றன. இப்போது ஒருவருக்காக வேலை செய்த கனெக்ஷன், அடுத்த நொடியில் வேறொருவர் கைக்குப் போகும். ஜிடியில் 'இந்தப் பயனரின் கிளை எண்' என்று எதையாவது போட்டு வைத்திருந்தால், அடுத்தவர் அதை வாரிசுரிமையாகப் பெறுவார். செஷனைத் துடைக்கிற 'டிஸ்கார்ட் ஆல்' கட்டளை தற்காலிக டேபிள்களையும் திட்டங்களையும் துடைக்கும், பைத்தான் டிக்ஷனரியைத் தொடாது.

இம்போர்ட் செய்த மாட்யூலுக்கும் இதே கதை. சர்வரில் மாட்யூலைப் புதுப்பித்துவிட்டோம் என்று வையுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்ஷன்களில் பழைய பதிப்பு ஓடும், புதிதாகத் திறப்பவற்றில் புதியது ஓடும். ஒரே கேள்விக்கு இரண்டு பதில், எந்தக் கனெக்ஷன் வாய்த்தது என்பதைப் பொறுத்து.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: 'மாறாதது' என்ற சொல். போஸ்ட்கிரெஸில் ஒரு ஃபங்ஷனை 'இம்யூட்டபிள்' என்று அறிவித்தால், ஒரே உள்ளீட்டுக்கு என்றைக்கும் ஒரே பதில்தான் என்று நாம் எழுதிக் கொடுக்கிற உறுதிமொழி அது. அந்த உறுதியை நம்பித்தான் ஃபங்ஷனின் விடையின் மேல் இண்டெக்ஸ் கட்ட அனுமதிக்கிறார்கள். உறுதிமொழி நிஜமா என்று போஸ்ட்கிரெஸ் சோதிப்பதில்லை, அதனால் சோதிக்கவும் முடியாது.

இப்போது ஒருவர், பெயரைச் சுருக்கமான எண்ணாக்க பைத்தானின் உள்ளமைந்த 'ஹாஷ்' ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் 3.3 முதல், பாதுகாப்புக் காரணத்துக்காக, சரத்தின் ஹாஷ் ஒவ்வொரு ப்ராசஸிலும் வேறுவேறாக வரும். சாதாரண பைத்தான் நிரலில் இது தொந்தரவே இல்லை, நிரல் முடிந்தால் எல்லாம் முடிந்தது. போஸ்ட்கிரெஸிலோ ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ், ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி பைத்தான். ஒரு கனெக்ஷன் எழுதிய இண்டெக்ஸில் இன்னொரு கனெக்ஷன் தேடும். வரிசை டேபிளில் இருக்கும், தேடினால் கிடைக்காது. அது இல்லாத வரிசை என்று நம்பி இன்னொரு முறை சேர்ப்பார்கள், தனித்தன்மைக் கட்டுப்பாடு கூடத் தடுக்காது.

ஹாஷ் வேண்டாம், வெளியிலிருந்து நிறுவிய வேர்ச்சொல் லைப்ரரி ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் இதேதான். லைப்ரரியின் அடுத்த பதிப்பு ஒரு விதியைத் திருத்தினால், பழைய இண்டெக்ஸ் சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். இது கற்பனைப் பயம் என்று தோன்றினால், 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பை நினைவுபடுத்துகிறேன். அதில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. இயங்குதளத்தை மேம்படுத்திய போஸ்ட்கிரெஸ் சர்வர்களில் உரை நெடுவரிசை இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டி வந்தது. லினக்ஸின் அடித்தள லைப்ரரிக்கே இந்த நிலை. நாம் நிறுவுகிற சின்ன லைப்ரரிக்கு யார் உத்தரவாதம்?

சரி, வார்த்தைகள் போகட்டும். ஃபங்ஷன் ஓடுகிற வீட்டையும் பார்க்க வேண்டும். பைத்தானில் முடிவில்லாத ஒரு லூப்பில் சிக்கிக்கொண்டால், வினவலை ரத்து செய் என்று கட்டளை அனுப்பினாலும் அது நிற்காது. ரத்து என்பது ஒரு கொடியை உயர்த்தி வைப்பது மட்டுமே. போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல் அந்தக் கொடியை அவ்வப்போது பார்க்கும், பைத்தான் லூப் பார்க்காது. நேர வரம்பு வைத்திருந்தாலும் அதே கொடிதான், அதே கதைதான். கடைசியில் இயங்குதளத்திலிருந்து அந்த ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொன்றால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையில் போஸ்ட்கிரெஸ் எல்லாக் கனெக்ஷனையும் துண்டித்து மீண்டெழும். ஒருவர் எழுதிய லூப்புக்கு ஊரே வெளியேற வேண்டும். இந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் வேறு வழி எடுத்தது. 2017 பதிப்பில் பைத்தானைச் சேர்த்தபோது, அதை டேட்டாபேஸ் ப்ராசஸுக்கு வெளியே தனி ப்ராசஸில் ஓடவிட்டார்கள். தரவை அங்கும் இங்கும் கடத்தும் செலவு உண்டு. ஆனால் விருந்தாளி மயங்கி விழுந்தால் வீடு இடிந்து விழாது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. ஆரம்பத்தில் பிஎல்/பைத்தான் 'நம்பகமான' மொழியாகத்தான் இருந்தது. பைத்தானில் அப்போது 'ரெக்ஸெக்' என்ற கட்டுப்பாட்டு மாட்யூல் இருந்தது, ஃபைல் திறப்பது போன்றவற்றைத் தடுக்க அதை நம்பினார்கள். அது ஓட்டை என்று தெரிந்து பைத்தான் 2.3இல் முடக்கிவிட்டார்கள். அதே 2003இல் வந்த போஸ்ட்கிரெஸ் 7.4, பிஎல்/பைத்தானை நம்பகமற்ற மொழி என்று அறிவித்து, பெயரின் கடைசியில் 'யு' என்ற எழுத்தை ஒட்டியது. இன்று வரை அந்த எழுத்து இருக்கிறது. பெர்லுக்கும் டிக்கிளுக்கும் கட்டுப்பாடான வடிவம் உண்டு, பைத்தானுக்கு இல்லை. அந்த ஒற்றை எழுத்தின் நேர்மையை நான் மதிக்கிறேன். பாதுகாப்பானது என்று நடிக்காமல், 'இல்லை' என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த எழுத்துக்கு நடைமுறைப் பொருள் என்ன? ஃபங்ஷனை உருவாக்க சூப்பர்யூசர் உரிமை வேண்டும். அந்த உரிமையை வாடிக்கையாளருக்குத் தராத மேலாண்மைச் சேவைகளில் இந்த மொழி பொதுவாகக் கிடைக்காது. ஆகவே இன்று சொந்த சர்வரில் எழுதியது, நாளை அங்கே குடிபோக முடியாமல் கையைப் பிடிக்கும். இன்னொன்று, உருவாக்கத்தான் கட்டுப்பாடு, அழைக்க இல்லை. போஸ்ட்கிரெஸில் புது ஃபங்ஷனை இயக்கும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் போய்விடும். ஃபைல் பாதையை வாங்கிக்கொண்டு அந்த ஃபைலைப் படித்துத் தருகிற ஒரு ஃபங்ஷனை நிர்வாகி தன் வசதிக்காக எழுதி வைத்தால், உரிமையைத் திரும்பப் பெறும் கட்டளையையும் சேர்த்து எழுதாத வரை, சர்வர் கணக்கு படிக்கக்கூடிய எந்த ஃபைலையும் அந்த டேட்டாபேஸில் நுழையும் யாரும் படிக்கலாம்.

"அப்போ பைத்தானே வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: இதை எஸ்க்யூஎல்லிலேயே செய்ய முடியாது என்று நிச்சயமாகத் தெரியுமா?

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் போஸ்ட்கிரெஸிடம் கேட்டால் 5 என்று சொல்லும். யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கணக்கில் மூன்று எழுத்து. உடனே பைத்தானில் ஒரு ஃபங்ஷன் எழுதக் கை பரபரக்கும். ஆனால் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணினால் மூன்று வந்துவிடும். 'க்ஷ' போன்ற சில கூட்டெழுத்துகளுக்கு மட்டும் தனியாக ஒரு விதி சேர்க்க வேண்டும். ஒரே எஸ்க்யூஎல் வரி. அதேபோல் 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடும்போது வேறு. இதைச் சீராக்க முன்பு பைத்தானின் யூனிகோடு மாட்யூலை நாடியதில் நியாயம் இருந்தது. 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. இதை எஸ்க்யூஎல்லில் எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. எளிய எஸ்க்யூஎல் ஃபங்ஷனைத் திட்டமிடுபவர் பிரித்துப் பார்த்து, வினவலுக்குள்ளேயே கரைத்துவிட முடியும். பைத்தான் ஃபங்ஷன் அதற்கு மூடிய பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு செலவு என்று தெரியாமல், நாம் சொல்லாவிட்டால் ஒரு பொதுவான மதிப்பை வைத்துக்கொண்டு திட்டம் போடும்.

எங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்? ஒருமுறை மட்டும் செய்ய வேண்டிய தரவுத் துப்புரவுக்கு. வாடிக்கையாளர் நேரடியாகத் தொடாத ஆய்வு சர்வரில் புள்ளியியல் கணக்குகளுக்கு. அங்கேயும் வரிசைக்கு ஒருமுறை ஃபங்ஷனை அழைக்காமல், மதிப்புகளை ஒரு அரேயாகத் திரட்டி ஒரே அழைப்பில் கொடுங்கள். எல்லைக் கதவை லட்சம் முறை திறப்பதற்குப் பதில் ஒருமுறை திறந்தால் போதும். ஃபங்ஷனுக்குள் பெரிய முடிவுத்தொகுதியைப் படிக்க வேண்டியிருந்தால், மொத்தத்தையும் நினைவில் ஏற்றும் வழியை விட்டுவிட்டு, 9.2 முதல் இருக்கும் கர்சரைப் பயன்படுத்துங்கள். பைத்தான் விழுங்கும் நினைவகத்தை போஸ்ட்கிரெஸின் எந்த வரம்பும் கட்டுப்படுத்தாது.

எங்கே கூடவே கூடாது? வெளியுலகைத் தொடும் ட்ரிகரில். ஆர்டர் சேர்ந்ததும் ட்ரிகருக்குள்ளிருந்தே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது பார்க்க அழகாக இருக்கும். அந்த ட்ரான்ஸாக்ஷன் கடைசி நொடியில் ரோல்பேக் ஆனால், ஆர்டர் மறைந்துவிடும், போன மின்னஞ்சல் திரும்பாது. அனுப்ப வேண்டியதை ஒரு டேபிளில் எழுதி வையுங்கள், வெளியே ஓடும் சின்ன நிரல் அதைப் படித்து அனுப்பட்டும். புது வரிசை வந்ததைத் தெரிவிக்க நோட்டிஃபை கட்டளை இருக்கிறது, அதுவும் கமிட் ஆன பிறகுதான் போய்ச் சேரும். அதே பைத்தான், அதே நாலு வரி, ஆனால் சுவருக்கு வெளியே.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸை பேக்கப் எடுத்தால் ஃபங்ஷனின் உடல் வரும், அது இம்போர்ட் செய்கிற லைப்ரரி வராது. புதிய சர்வரில் மீட்டெடுக்கும்போது ஃபங்ஷனின் உடல் சரிபார்க்கப்படுவதில்லை, எல்லாம் பச்சை விளக்காகத் தெரியும். லைப்ரரி இல்லை என்பது முதல் வாடிக்கையாளர் முதல்முறை அழைக்கும்போதுதான் தெரியும். பேரிடர் மீட்பு நேரத்தில் யாருக்கும் அந்த நிலை வர வேண்டாம். ஃபங்ஷன் எழுதுகிற அன்றே, அது கேட்கும் லைப்ரரிகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எங்காவது எழுதி வைத்துவிடுங்கள்.

மொத்தத்தில் என் மதிப்பீடு இதுதான். பிஎல்/பைத்தான் நேர்மையான கருவி. தன் குறைகளை ஆவணத்திலும், பெயரிலுமே சொல்லிக்கொள்கிறது. அதன் குறை, சொல்லும் இடங்களில் குரல் மிகவும் தாழ்ந்திருப்பது. தெரிந்த மொழி என்ற தைரியத்தில் வருகிறவருக்கு அந்தத் தாழ்ந்த குரல் கேட்பதில்லை. ஏற்கெனவே உங்கள் டேட்டாபேஸில் இப்படிப்பட்ட ஃபங்ஷன்கள் இருந்தால், மூன்று விஷயங்களை இன்றைக்கே பாருங்கள்: ட்ரை பிளாக்குக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அப்டேட் இருக்கிறதா, இம்யூட்டபிள் என்று அறிவித்ததில் வெளி லைப்ரரி ஏதாவது இருக்கிறதா, யாருக்கெல்லாம் இயக்கும் உரிமை போயிருக்கிறது. அரைமணி நேர வேலைதான்.